மூணாவது பேட்டரி

எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு இரும்பு ஸ்டாண்டு இருக்கு. புதுச்சேரி மேட்டுப்பாளையத்துல ஒரு பட்டறையில சொல்லிச் செஞ்சது, மூணு தட்டு. மேல் ரெண்டு தட்டுல ரெண்டு லித்தியம் பேட்டரி. கீழ்த் தட்டு ரொம்ப நாள் காலியா இருந்துது. சும்மாதானே கிடக்குதுன்னு அதுல வெங்காயக் கூடைய வெச்சேன், அதுக்கு எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க என்கிட்ட பேசல.

அவர் பேரு அந்துவான். கட்டினவர் பேரச் சொல்றதுல எங்க வீடுகள்ல ஒண்ணும் தப்பில்ல. பிரெஞ்சு பட்டாளத்துல பதினஞ்சு வருஷம் இருந்துட்டு பென்ஷனோட புதுச்சேரிக்கே திரும்பி வந்து, சாரம்ங்கற ஏரியாவுல இந்த வீட்டக் கட்டினார். பட்டாளத்துக்காரர்னா இங்க சொல்தா, அதனால தெருவுல எங்களுக்கு சொல்தா வீடுன்னு பேரு. போர் முடிஞ்சாலும் சொல்தாவுக்கு முடியாது போல. மனுஷன் எப்பவும் எதுக்கோ தயாராயிட்டே இருந்தார்.

மொதல்ல எல்லாரையும் போல ஒரு இன்வெர்ட்டர், ஒரு ஆசிட் பேட்டரி. அப்புறம் அது ரெண்டாச்சு. அப்புறம் மொட்டைமாடி பூரா சோலார் பேனல். நான் துணி காயப்போட எடமில்லாம பக்கத்து வீட்டு மாடிய கேக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் கிணத்துக்குக் கையால அடிக்கற பம்பு, தண்ணி வடிகட்டற மிஷின், பேட்டரி ரேடியோ. போன வருஷம் ஆசிட் பேட்டரிய எல்லாம் தூக்கிப் போட்டுட்டு லித்தியம் வந்துது. தெருவுல பசங்க, "மூணாம் உலகப்போர் எப்பண்ணே?"ன்னு கேப்பாங்க. "வர்றப்ப உங்க வீட்டுக்குத்தான் மொதல்ல சொல்லி அனுப்புவேன்"னு சிரிச்சுக்கிட்டே போவார்.

மாசத்துல மொத ஞாயித்துக்கெழமை எங்களுக்கு ஒத்திகை. பூசை முடிஞ்சு வந்ததும் மெயின் சுவிட்ச அணைச்சிடுவார். மறுநாள் காலை வரைக்கும் ஊர்க் கரண்ட் கெடையாது, எல்லாம் பேட்டரிதான். மிக்சி போடாத, மைக்ரோவேவ் போடாத, அயர்ன் பாக்ஸ தொடாத. மணிக்கு ஒருதரம் போயி எத்தனை பர்சென்ட் இருக்குன்னு நோட்டுல எழுதுவார். எனக்கு வயித்தெரிச்சலா வரும். "ஊரே ஜிலுஜிலுன்னு ஏசியில தூங்குது, நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"னு கத்துவேன். காதுலயே வாங்க மாட்டார்.

ஒரு நாள் அந்த நோட்டப் பொரட்டிப் பாத்தேன். ஃப்ரிட்ஜ் இத்தனை வாட், ஃபேன் இத்தனை, விளக்கு இத்தனைன்னு வரிசையா இருந்துது. கடைசியில, "பெட்டி, எழுபத்திரெண்டு மணி நேரம்". எந்தப் பெட்டின்னு கேட்டேன்.

"ஃப்ரீசர் பெட்டி. பொணம் வைக்கறது" அப்படீன்னார், காப்பியக் குடிச்சுக்கிட்டே.

அப்பதான் புரிஞ்சுது. இவ்வளவும் எங்க மாமனாருக்காக. தானே புயல் வந்தப்ப, கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட மாமனார் போயிட்டார். இவரோட அண்ணன் லூக்கா பிரான்சுலேர்ந்து வரணும், மூத்த புள்ள. கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் கொண்டாந்தோம். அது போட்ட சத்தத்துல ஒருத்தர் சொல்ற செபமாலை இன்னொருத்தருக்குக் கேக்கல. ஒரு நாள்ல டீசலும் தீந்துடுச்சு. குருசுக்குப்பத்துலேர்ந்து மீனுக்குப் போடற ஐஸ் பார் கொண்டாந்து அடுக்கினோம். ஐஸ் உருகி ஹால்லேர்ந்து வாசல் வரைக்கும் தண்ணி ஓடுச்சு. அந்தத் தண்ணிய அந்துவான்தான் மூணு தடவ துணி போட்டுத் தொடைச்சார். அதுக்கு மேல வெச்சிருக்க முடியாம எடுத்துட்டோம். லூக்கா மறுநாள் வந்து ஈர மண்ணைப் பாத்துட்டு நின்னார். அதோட தம்பிகிட்ட பேச்சை விட்டவர், சாகற வரைக்கும் பேசல.

"நம்ம ரெண்டு பேர்ல யார் மொதல்ல போனாலும், லெத்திசியா வர்ற வரைக்கும் தாங்கணும். மூணு நாள். எனக்கு மட்டும் ஐஸ் வெச்சுடாத மதலேன்" அப்படீன்னார். நான் அன்னிக்கு அழுதேன், அப்புறம் திட்டினேன். அதுக்கப்புறம் ஒத்திகை ஞாயித்துக்கெழமையில கத்தறத நிறுத்திட்டேன்.

லெத்திசியா எங்களுக்கு ஒரே பொண்ணு. பாரீஸ் பக்கத்துல க்ரெத்தேய்ல ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. க்ளோயேன்னு ஒரு பேத்தி இருக்கா. அவ நாலு வயசுல வந்து போனவ, இப்ப பதினொண்ணு. ஒவ்வொரு வருஷமும், "அடுத்த வருஷம் மமா" அப்படீம்பா. போன அக்டோபர்ல கிறிஸ்மசுக்கு வரச்சொல்லிக் கேட்டப்பவும் அதையேதான் சொன்னா. அந்துவானுக்கு சுருக்குனு கோவம் வந்து, "நான் செத்தாத்தான் வருவியா?"ன்னுட்டார். அவ போன வெச்சிட்டா. அப்பனும் பொண்ணும் அழுத்தக்காரங்க. அவ கூப்பிட்டா இவர் எடுக்க மாட்டார், இவர் கூப்பிட்டா அவ ட்யூட்டியில இருப்பா. அப்படியே அஞ்சு வாரம் ஓடிப்போச்சு.

எதிர்வீட்ட பத்தியும் சொல்லணும். அங்க வடிவேலும் அவன் சம்சாரம் அஞ்சலாட்சியும் வாடகைக்கு இருக்காங்க. பாகூர்ப் பக்கம் பயிர் வெக்கற குடும்பம். இவன் மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனியில இருவது வருஷம் தூசியத் தின்னு நுரையீரல் போச்சு. ஆக்ஸிஜன் மிஷின் ராத்திரி பகலா ஓடினாத்தான் மூச்சு. மிஷின் வந்த வாரமே அஞ்சலாட்சி வந்து, "அண்ணே, கரண்ட் போனா உங்க பேட்டரியிலேர்ந்து ஒரு வயரு எங்களுக்கும் இழுத்துக்கறோம்ணே"ன்னு கேட்டா.

அந்துவான் நோட்டைப் பாத்தார், என்னைப் பாக்கல. "கணக்கு இடிக்கும்மா. அந்த மூணாவது பேட்டரி வாங்கிடறேன், அப்ப தர்றேன்" அப்படீன்னார். அவ சரிண்ணேன்னு போயிட்டா. நான் விடல. "உசுரோட இருக்கறவனுக்கு இல்லாத கரண்டு, பொணத்துக்கு எதுக்குய்யா?"ன்னு கேட்டேன். மூணாவது பேட்டரிக்குச் சொல்லி வெச்சார், அது வர்றதுக்குள்ள புயல் முந்திக்கிச்சு.

புயல் சேதி வந்த வியாழக்கெழமை காலையில, பேனல் போல்ட்டையெல்லாம் இறுக்கறேன்னு ஸ்பேனரோட மாடிக்குப் போனார். பேனல் மாட்டின வெற்றிச்செல்வன் மதியம் ஆள் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருந்தான். இவருக்கு அதுவரைக்கும் பொறுக்குமா? நான் கீழ கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தேன். ஸ்பேனர் டங்கு டங்குனு படியில உருண்டு வந்து என் காலடியில நின்னுது. மேல ஓடிப் பாத்தா, தண்ணி டேங்குல சாஞ்சு உக்காந்திருந்தார். கண்ணு தொறந்திருந்துது. அவ்வளவுதான். டாக்டர் வந்து நாடியப் பாத்துட்டு கையக் கட்டிக்கிட்டு நின்னார். அறுபத்தெட்டு வயசுல அந்த மாடியில ஒனக்கு என்னய்யா வேலைன்னு நான் அவரையே அடிச்சேன், டாக்டர்தான் என் கையப் புடிச்சார்.

மதியத்துக்கு மேல ஃப்ரீசர் பெட்டி வந்துது. கொண்டாந்தவன், "புயல் வருது, கரண்ட் போச்சுன்னா நான் பொறுப்பில்லம்மா" அப்படீன்னான். "எங்க வீட்ல போவாது"ன்னேன். அந்த நேரத்துலயும் எனக்கு ஒரு பெருமை, பாருங்க.

லெத்திசியாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "மமா, நான் வர்றேன். எடுத்துடாத. பப்பா மொகத்தப் பாத்து நான் மன்னிப்பு கேக்கணும். சத்தியம் பண்ணு" அப்படீன்னா. சத்தியம் பண்ணேன். மாதா படத்து மேல கைய வெச்சுத்தான் பண்ணேன்.

வெள்ளிக்கெழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர்க் கரண்ட் போச்சு. எங்க வீட்ல ஒரு விளக்கு கூட மினுங்கல. பெட்டி அது பாட்டுக்கு ர்ர்ருன்னு ஓடிச்சு. அதுக்குள்ள என் மனுஷன் கோட்டு சூட்டோட, பட்டாளத்து மெடலோட, தூங்கற மாதிரி இருந்தார். அக்கம்பக்கத்துல எல்லாரும் செபமாலை சொன்னாங்க, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுது. ஜெயிச்சுட்டய்யா நீன்னு மனசுக்குள்ள சொன்னேன்.

ஆனா புயல் நகரல. கடல்லயே நின்னுக்கிட்டு ஆட்டம் காட்டிச்சு. சனிக்கெழமை சென்னையில ப்ளேன் எறங்க விடல, லெத்திசியாவ பெங்களூர்ல எறக்கிட்டாங்க. ரோடெல்லாம் தண்ணி. திங்கக்கெழமை மதியத்துக்குள்ள எப்படியும் வந்துடறேன்னு மெசேஜ் போட்டா. நான் ஸ்டாண்டுகிட்டயே நாற்காலியப் போட்டு உக்காந்துட்டேன். ஃப்ரிட்ஜ அணைச்சேன், ஃபேன அணைச்சேன். மெழுகுவத்தி ஏத்தினேன். வானம் கறுத்துக் கிடந்ததால பேனல்லேர்ந்து ஒண்ணும் பெருசா வரல. ஞாயித்துக்கெழமை காலையில நாப்பது பர்சென்ட். பெட்டி மட்டும்னா திங்கள் மதியம் வரைக்கும் தாங்கும். அந்துவான் போட்ட கணக்கு அச்சு அசலா சரியா இருந்துது.

எட்டரை மணி இருக்கும். தெருவுல இடுப்பளவு தண்ணி, எங்க வீடு உசத்திக் கட்டினதால உள்ள வரல. கதவத் தட்டற சத்தம். தொறந்தா, நாலு பேர் வடிவேல பிளாஸ்டிக் நாற்காலியோட தூக்கிட்டு நிக்கறாங்க. பின்னால அஞ்சலாட்சி, ஆக்ஸிஜன் மிஷின தலையில தூக்கிக்கிட்டு, கழுத்து வரைக்கும் நனைஞ்சு. வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சாம். கரண்ட் போனதுலேர்ந்து சிலிண்டர்லதான் ஓட்டினாங்களாம், கடைசி சிலிண்டரும் முடியப் போவுதாம்.

"அக்கா"ன்னா.

நான் என்ன கேக்கறது? உள்ள வரச்சொன்னேன். ஹால்ல இருந்ததே ஒரு எடம். பெட்டிக்குப் பக்கத்துலயே நாற்காலியப் போட்டு மிஷின செருகினோம். ஒரு பக்கம் பெட்டி ஓடுது, ஒரு பக்கம் மிஷின் ஓடுது. வடிவேலு உதடெல்லாம் ஊதா நெறம். கொஞ்ச நேரத்துல கண்ணத் தொறந்து பக்கத்துல பாத்தான். கண்ணாடிக்குள்ள அந்துவான்.

"அக்கா, அண்ணன ஒண்ணும் பண்ணிடாதீங்க. பாப்பா வரணும்ல. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன்"னு வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிச் சொன்னான்.

மூணு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டோம். ஒண்ணுல எடுக்கல. ஒண்ணுல கீழ் மாடியே தண்ணியில. மூணாவதுல ஒரு டாக்டரம்மா, "கரண்ட் இருக்கற எடத்துலயே வெச்சிருங்க, இந்த மழையில அலைக்கழிச்சா தாங்க மாட்டார்"னு சொன்னாங்க. வெற்றிச்செல்வனுக்குப் போட்டேன். "மதாம், ரெண்டும் ஓடினா இருட்டறதுக்குள்ள பேட்டரி படுத்துடும். ஒண்ணுன்னா விடியற வரைக்கும் இழுத்துப் பாக்கலாம். காலையில வெயில் வந்தா தப்பிச்சோம்" அப்படீன்னான். எந்த ஒண்ணுன்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல.

சுவிட்ச் போர்டு மூடிக்கு உள்பக்கம் அவர் கையால எழுதி ஒட்டின காகிதம் இருக்கு. கரண்ட் கொறைஞ்சா எத எத மொதல்ல அணைக்கணும்னு வரிசை. ஃப்ரிட்ஜ், மோட்டார், ஃபேன், விளக்கு. அதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டு, "பெட்டிய நிறுத்தாதே". அதைப் படிச்சேன். திரும்பி அஞ்சலாட்சியப் பாத்தேன். அவ தரையப் பாத்துக்கிட்டு நின்னா. கேட்டிருந்தா கூட நான் கோவிச்சுக்கிட்டிருப்பேன், பாவி, அவ கேக்கவே இல்ல.

போய் பெட்டி சுவிட்ச அணைச்சேன். அந்த ர்ர்ரு நின்னதும் ஹால் ஒரு பக்கம் செவிடானாப்பல இருந்துது.

லெத்திசியாவுக்கு போன் போடல. டவர் போச்சுன்னு பின்னால சொன்னேன், அது பொய். அவ வேணாம்னு சொல்லிடுவாளோன்னு பயம். அதைவிட, சரின்னு சொல்லிடுவாளோன்னும் பயம். ரெண்டுல எதைக் கேட்டாலும் எனக்குத் தாங்கற தெம்பு இல்ல.

பதினோரு மணிக்கு குருசுக்குப்பத்து ஆளுங்க தெருவுக்குள்ள ஃபைபர் போட்டோட வந்தாங்க, மேட்டுக்கு ஜனங்கள கொண்டுபோய் விடறதுக்கு. இனி வெச்சிருக்க முடியாதுன்னு ஃபாதருக்கு நான் போன்ல சொல்லியிருந்ததால, அவங்களே சவப்பெட்டியும் ஏத்திட்டு வந்து, அவரையும் ஏத்தினாங்க. கடல் பக்கமே போகாத மனுஷன், சாரத்துத் தெருவுல படகுல போனார். மாமனாரோட கல்லறையத் தொறந்து, உள்ள நின்ன தண்ணிய வாளியால மொண்டு ஊத்தினாங்க. ஃபாதர் முழங்கால் வரைக்கும் சேத்துல நின்னுதான் ஜெபம் சொன்னார். அப்பனுக்கு நடந்ததேதான் புள்ளைக்கும். அது நடக்கக் கூடாதுன்னுதான்யா நீ இத்தனை வருஷம் பேட்டரி பேட்டரின்னு அலைஞ்சன்னு, அங்கயே சேத்துல உக்காந்து அழுதேன்.

திங்கக்கெழமை விடிஞ்சப்ப நாலு பர்சென்ட். ஆறே முக்காலுக்கு வெயில் வந்துது. சுள்ளுனு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. வடிவேலு நாற்காலியிலேயே தூங்கிக்கிட்டிருந்தான், உதடு பழைய நெறத்துக்கு வந்திருந்துது. பத்து மணிக்கு முப்பத்தஞ்சு பர்சென்ட் காட்டிச்சு.

பதினொண்ணே காலுக்கு லெத்திசியா வந்தா. ஜீன்ஸ் தொடை வரைக்கும் சேறு, செருப்பு ஒண்ணுதான் கால்ல. ஹால்ல நொழைஞ்சதும் வடிவேல பாத்தா. பக்கத்துல காலியான எடத்தைப் பாத்தா.

"பப்பா எங்க?"

நான் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், போன் விஷயம் ஒண்ணத் தவிர. அவ நேரா மாடிப்படிக்குக் கீழ போனா. அவ அப்பன் மக, நோட்டை எடுத்துப் பொரட்டினா. நான் கடைசியா எழுதினது நாப்பதுன்னு இருந்துது. வெரல் விட்டு எண்ணினா.

"பன்னெண்டு மணி வரைக்கும் இருந்திருக்கும் மமா."

"இருந்திருக்கும்டி."

"நான் பதினொண்ணே காலுக்கு வந்துட்டேன்."

ஹால்ல வடிவேலுக்கு எல்லாம் கேட்டுது. மூக்குலேர்ந்து குழாய உருவப் போனான். லெத்திசியா ஓடிப்போய் அவன் கையத் தட்டிவிட்டு, குழாயத் திருப்பி மாட்டி, நாடியப் புடிச்சுப் பாத்தா. நர்ஸ் இல்லையா. அப்புறம் அவன் காலடியிலயே உக்காந்து, தலைய முட்டியில முட்டிக்கிட்டு அழுதா. அஞ்சலாட்சி கிட்ட போறதா வேணாமான்னு தெரியாம தவிச்சா.

நாலு நாள் இருந்தா. கெளம்பறப்ப என்னைக் கட்டிக்கிட்டு, "நீ செஞ்சது சரிதான் மமா. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா என்னால உன் மொகத்தப் பாக்க முடியல"ன்னா. போயிட்டா. அதுக்கப்புறம் க்ளோயே மட்டும் ஞாயித்துக்கெழமையில ரெண்டு வார்த்தை பேசுவா. பின்னால அவ அம்மா நடமாடற சத்தம் கேக்கும். கூப்பிட மாட்டேன். அவளா போன்கிட்ட வருவாளான்னு காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு இருப்பேன்.

போன ஜூன்ல ஒரு நாள் வெற்றிச்செல்வன் வேன்ல வந்து எறங்கினான். தள்ளுவண்டியில ஒரு பேட்டரி.

"லெத்திசியா அக்கா அனுப்பச் சொன்னாங்க மதாம். மூணாவது."

எனக்கு தலைகால் புரியல. மன்னிச்சுட்டா எம் பொண்ணு! லீவுக்கு வரப்போறா, புள்ளைக்கு ஏசி வேணுமே, அதுக்குத்தான் பேட்டரி. வெங்காயக் கூடைய எடுத்து மூலையில தள்ளினேன். வெற்றிச்செல்வன் தட்டத் தொடைச்சு மாட்டறதுக்குள்ள மாடி ரூம பெருக்கியாச்சு, மெத்தைய வெயில்ல போட்டாச்சு, க்ளோயேவுக்கு எந்தத் தலகாணின்னு கூட முடிவு பண்ணியாச்சு. அப்புறம்தான் போன் போட்டேன். ஏழு மாசம் கழிச்சு அவளே எடுத்தா.

"எப்படி வர்றீங்க? சென்னைக்கா, பெங்களூருக்கா? வண்டி அனுப்பட்டுமா?"

"மமா, இந்த வருஷம் லீவு கெடைக்காது" அப்படீன்னா. "பேட்டரி அதுக்கு இல்ல. வெற்றிச்செல்வன்கிட்ட கேட்டேன். இப்ப அஞ்சு நாள் தாங்குமாம். பப்பாவுக்கு ஆனது உனக்கு ஆவக்கூடாது மமா. உன்னையாவது நான் பாக்கணும்." சொல்லச் சொல்லவே அழுதுட்டா.

எனக்கு அழுகை வரல. மாடியில காயற மெத்தைதான் கண்ணு முன்னால வந்துது. எம் பொண்ணு என் மேல உசுரா இருக்கா. அது பொய்யில்ல. ஆனா அவ என்னைப் பாக்க வரப்போற தேதிய குறிச்சு வெச்சிட்டா. அந்துவான் கோவத்துல கேட்ட கேள்விக்கு, அவ அழுதுக்கிட்டே பதில் சொல்லிட்டா.

"சரிடி தங்கம். சாப்ட்டியா?"ன்னு கேட்டுட்டு வெச்சிட்டேன்.

வெற்றிச்செல்வன் ஸ்க்ரூவ முடுக்கி, டிஸ்ப்ளேவ ஆன் பண்ணி, "மூணும் ஓடுது மதாம். பாத்துக்கங்க"ன்னு எழுந்து நின்னான்.

"எதிர் வீட்டுக்கு ஒரு லைன் இழு"ன்னேன்.

"யாருக்கு? வடிவேலண்ணனுக்கா?"

"ஆமா. கரண்ட் போனா அவன் மிஷின் தானா நம்ம பேட்டரியில ஓடணும். என்னைக் கேக்கக் கூடாது, யாரையும் கேக்கக் கூடாது."

அவன் தலையச் சொறிஞ்சான். "அப்ப அக்கா சொன்ன அஞ்சு நாள் வராதே மதாம். அதுவும் சேந்து ஓடினா, பெட்டிக்கு ரெண்டு நாள்தான் தாங்கும்."

"ரெண்டு நாள் போதும். அதுக்குள்ள வர முடிஞ்சா வரட்டும்" அப்படீன்னேன். "முடியாதுன்னா, நான் உசுரோட இருக்கறப்பவே வரட்டும்."

அவன் வயர் வாங்கப் போனான். நான் மாடிக்கு ஏறிப் போய், மழை வர்றதுக்குள்ள மெத்தைய எடுத்து உள்ள போட்டேன்.